அவர் கேட்ட கேள்வி இன்னும் மாடிப்படியில் நிற்கிறது

கேள்வி: எனக்கு வயது 39. திருமணமாகி 13 ஆண்டுகள் ஆகின்றன. பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் புறநகரில் மாடியுடன் ஒரு வீடு வாங்கிக் குடிவந்தோம். பத்து நாள்களுக்கு முன், என் கணவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ‘தி வார் ஆஃப் த ரோஸஸ்’ என்ற பழைய அமெரிக்கப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். தொடக்கத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். கணவன் ஆலிவர் மாரடைப்பென்று மருத்துவமனையில் கிடக்க, மனைவி பார்பரா போகாமல் இருந்துவிடும் இடம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் வேலை நிமித்தம் வெளியூர் போகும் நாள்களில் எனக்குள் வரும் நிம்மதி நினைவுக்கு வந்து பயமாகிவிட்டது. படம் முடிந்ததும் என்னையறியாமல், ‘அந்த ஆலிவர் அப்படியே நீங்கதான்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் எதைச் சொல்லத் தொடங்கினாலும் குறுக்கே புகுந்து தானே முடிப்பது அவர் வழக்கம். ‘அப்போ நான் ஆஸ்பத்திரியில கிடந்தா நீ வரமாட்டியா?’ என்று குத்தலாகக் கேட்டுவிட்டு மாடிக்குப் போனவர், அன்று முதல் அங்கேதான் படுக்கிறார். மகளைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது மூன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்தே விழித்திருந்தேன். அவருடைய மூக்குக் கண்ணாடி என் கைப்பையில்தான் இருந்தது. அதற்கு ஒரு நன்றிகூட அவர் சொன்னதில்லை. இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துச் சிரித்த என் மனத்தில் ஏதாவது கோளாறா? நான் உள்ளூர மணவிலக்கை விரும்புகிறேனா? இனி இத்தகைய படங்களைச் சேர்ந்து பார்க்காமல் இருப்பதுதான் நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது நீங்கள் கேட்ட மூன்று கேள்விகள்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை படித்தபோதுதான், அதில் நான்காவதாக ஒரு கேள்வி இருப்பதையும், அதைக் கேட்டவர் உங்கள் கணவர் என்பதையும், பத்து நாள்களாக அது பதிலின்றி மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே நிற்பதையும் கவனித்தேன். அதற்கு வருவேன். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அவர் வெளியூர் போகும்போது வரும் நிம்மதி, அச்சத்திலிருந்து கிடைக்கும் விடுதலையா? கை ஓங்குவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, யாரோடு பேசினீர்கள் என்று கைப்பேசியைச் சோதிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கீழே நான் எழுதப்போவது உங்களுக்குப் பொருந்தாது. அப்படியானால் கணவரோடு உட்கார்ந்து பேசுவதை ஒத்திவைத்துவிட்டு, நீங்கள் தனியாக ஓர் ஆலோசகரையோ வழக்கறிஞரையோ நம்பிக்கைக்குரிய உறவினரையோ பார்த்து, உங்களுக்கும் மகளுக்கும் பாதுகாப்பை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடிதத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. இருந்தும் கேட்கிறேன், இதை எழுத்தில் சொல்லத் தயங்கிய பலரை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை என்று கொண்டே மேலே எழுதுகிறேன்.

சிரித்ததில் கோளாறு ஒன்றும் இல்லை. 1989இல் வெளிவந்த அந்தப் படத்தை இயக்கிய டேனி டிவிட்டோ, நாம் சிரிப்பதற்கு ஏற்றபடியே அதைக் கட்டியிருக்கிறார். மணவிலக்குக்கு நடுவே ஒரே வீட்டுக்காக மோதிக்கொள்ளும் ரோஸ் தம்பதியின் கதை நமக்கு நேராகச் சொல்லப்படுவதில்லை. கேவின் என்ற வழக்கறிஞர், மணவிலக்குக் கேட்டு வந்த ஒருவரிடம் சொல்லும் கதையாகவே நம்மை வந்தடைகிறது. வழக்கறிஞராக டிவிட்டோவே நடித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த நாற்காலியில் நம்மை உட்கார வைத்து, நடந்து முடிந்த, பிறர் வீட்டுக் கதைதான் இது என்ற இடைவெளியையும் தந்துவிடுகிறார்கள். நாயகன் மைக்கேல் டக்ளஸும் நாயகி கேத்லீன் டர்னரும் 1984இலும் 1985இலும் வந்த இரண்டு சாகசப் படங்களில் காதலர்களாக நடித்தவர்கள் என்பதும் அந்தச் சிரிப்புக்கு உதவுகிறது. கணவனை நீராவிக் குளியலறைக்குள் பூட்டுவதும், அவன் ஆசையாக வைத்திருக்கும் காரை மனைவி பெரிய வண்டியை ஏற்றி நொறுக்குவதும் நம் தெருவில் நடந்தால் குற்றம். திரையில் அவை அளவுக்கு மீறிப் பெருக்கிக் காட்டப்படும்போது, நம் வீட்டில் நாம் வாய்விட்டுச் சொல்லாத சின்னச் சின்ன எரிச்சல்களைப் பயமில்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி கிடைக்கிறது. உங்கள் சிரிப்பைவிட, அது சட்டென்று நின்ற இடம்தான் என்னை யோசிக்க வைத்தது.

அந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆலிவர் திடீரென்று வலியில் சுருண்டு விழுகிறான். மாரடைப்பு என்றே நினைக்கிறார்கள். தான் சாகப்போவதாக நம்பி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். பிறகு அது மாரடைப்பே இல்லை என்று தெரியவருகிறது. பார்பரா மருத்துவமனைக்கு வரவில்லை. வீடு திரும்பியவன் ஏன் வரவில்லை என்று கேட்கும்போது, அவன் இறந்துவிட்டான் என்ற நினைப்பு தனக்கு விடுதலை உணர்வைத் தந்ததென்றும், அதுவே தன்னைப் பயமுறுத்தியதென்றும் சொல்கிறாள், மணவிலக்குக் கேட்கிறாள். அவன் காரணம் கேட்கிறான். அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலும் உறங்குவதைப் பார்த்தாலும் எழும் வெறுப்பைத்தான் சொல்ல முடிகிறது. படத்திலேயே எனக்கு மிகுந்த துயரம் தருவது இதுதான். ஏனென்றால் அவளிடம் காரணங்கள் இருந்தன. ஆண்டுக்கணக்கில், ஒவ்வொன்றும் தனித்தனியாக, தீர்க்கக்கூடிய அளவில் இருந்தன. சொல்ல வேண்டிய நாள்களில் சொல்லாமல் விட்டதால் அவை தம் பெயரை இழந்து, முகத்தைப் பார்த்தாலே பொங்கும் ஒரே வெறுப்பாகத் திரண்டுவிட்டன.

உங்கள் நிம்மதி அந்த நிலைக்கு வந்துவிட்டதா? வரவில்லை என்றே நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, பிறகு சொல்கிறேன். போனவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார் என்ற உறுதியின் மேல் நிற்கும் நிம்மதி வேறு, திரும்பாமலே இருந்துவிட்டால் என்று எண்ணிப் பார்க்கும் நிம்மதி வேறு. முதலாவது, ஒரே கூரையின் கீழ் பல ஆண்டுகள் வாழும் எவருக்கும் எப்போதாவது வரக்கூடியதுதான். அதற்காக அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். நிம்மதி வருகிறதென்றால் ஏதோ ஒரு சுமை இறங்கியிருக்கிறது. எந்தச் சுமை என்று கண்டுபிடித்தால்தான் பயன்.

கடைசியாக அவர் ஊரில் இல்லாத மாலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி, அப்படியொரு மாலையில் தன் தங்கையோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசியதைச் சொன்னார். கணவர் இருக்கும்போதும் பேசலாமே என்று கேட்டேன். ‘பேசலாம், ஆனா வெச்சவுடனே இவ்வளவு நேரம் என்ன பேச்சுன்னு கேப்பார். அதுக்காகவே பாதியில வெச்சிடுவேன்’ என்றார். மணவாழ்க்கையே சுமை என்று எண்ணி வந்தவருக்கு, உண்மையில் சுமையாக இருந்தது அந்த ஒரு கேள்விதான். நீங்களும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘நிம்மதியாக இருந்தது’ என்று எழுதாமல், அன்று நீங்கள் செய்த காரியத்தையும், அவர் இருந்திருந்தால் அது எப்படித் தடைப்பட்டிருக்கும் என்பதையும் எழுதுங்கள். அதை எழுதிப் பார்க்கும்வரை, மணவிலக்கை விரும்புகிறேனா என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காது.

நீங்கள் பேசும்போது அவர் குறுக்கே புகுவதும் அந்தச் சுமையின் ஒரு பகுதியாகவே இருக்கும் என்பது என் ஊகம். படத்திலும் அப்படி ஒரு விருந்துக் காட்சி வருகிறது: ஆலிவருக்கு வேண்டிய பெரிய மனிதர்கள் முன்னால் பார்பரா ஒரு கதையைச் சொல்லத் தொடங்க, அவன் பொறுமையிழந்து அதைப் பறித்துத் தானே முடித்துவிடுகிறான். பார்ப்பவர்கள் அதை எளிதில் மறந்துவிடுவார்கள், நான் மறப்பதில்லை. தம்பதியரின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணவாழ்க்கையை அரிப்பவை என்று குறைகூறல், இளக்காரம், தன்னை நியாயப்படுத்துதல், பேச்சையே அடைத்துக்கொள்ளுதல் ஆகிய நான்கைச் சொல்கிறார். அவற்றில் இளக்காரமே மிகக் கொடியது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே உங்கள் கணவர் குறுக்கிடும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கதையில் சேர்ந்துகொள்ளும் ஆர்வம் தெரிகிறதா, அல்லது ‘இவளுக்குச் சொல்லத் தெரியாது’ என்ற ஏளனம் தெரிகிறதா? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவர்களும் குறுக்கிடுவார்கள். அவர்களுக்கு அது அன்பின் சத்தம். காட்மன் சொன்ன அதே நான்கை வைத்துப் பார்த்தால், ‘அப்படியே நீங்கதான்’ என்ற உங்கள் வாக்கியம் ஒரு செயலை விட்டுவிட்டு ஆளையே குறைகூறுகிறது என்பதையும், இந்தப் பத்து நாள்களாக இருவருமே பேச்சை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அந்த வாக்கியத்தைப் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டும். உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஆலிவர் எழுதிய கடிதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். தன்னிடம் உள்ளதும் தான் ஆகியிருப்பதும் எல்லாம் அவளால்தான் என்று அதில் எழுதியிருந்தான். சாகப்போகிறோம் என்ற அச்சத்தில் ஒருவன் மனத்தின் அடியிலிருந்து எழுதிய வரி. மணவிலக்கு வழக்கில் பார்பராவின் வழக்கறிஞர் அதையே எடுத்துவைத்து, வீடு அவளுக்கு உரியது என்பதற்குச் சான்றாக்குகிறார். அவள் வேறு எதையும் கேட்கவில்லை, ஜீவனாம்சம்கூட வேண்டாம், வீடு மட்டும் போதும் என்கிறாள். தேடித் தேடிப் பார்த்து அந்த வீட்டை உருவாக்கியவள் அவள், அதற்குப் பணம் சம்பாதித்தவன் அவன். இருவர் சொல்வதும் உண்மைதான். வழக்கு முடியும்வரை அவனும் அங்கேயே இருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி கிடைக்க, வீட்டின் வரைபடத்தில் வண்ணம் தீட்டி, இது உன் பகுதி, இது என் பகுதி, இது பொது என்று பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் எதிராளியின் கோப்பில் போய்ச் சேரும் சான்றாகிவிடுகிறது. படத்தின் கடைசியில் இருவரோடும் அறுந்து விழும் சரவிளக்கைவிட, அந்தக் கடிதம் சான்றாகும் கணத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அமெரிக்கப் படங்கள் மணவாழ்க்கையின் சிக்கலைப் பேச அடிக்கடி இப்படிப்பட்ட தனி வீடுகளுக்குத் திரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 1947இல் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அந்தப் புறநகர் வாழ்க்கையில், நல்ல வீடும் புல்வெளியும் இருந்தால் உள்ளே இருப்பவர்களும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்ற நம்பிக்கை வேரூன்றியது. சுற்றத்தாரை விட்டு விலகி வந்த அந்த வீடுகளில், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் மட்டுமே சாட்சி. நீங்களும் புறநகரின் மாடி வீட்டுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆனதாகச் சொல்கிறீர்கள். வீடு மாறியபோது உங்களிடம் பேச வந்துபோனவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மேல் மற்றவர் சாய்வது அளவுக்கு மேல் கூடிவிட்டதா என்பது அதிலிருந்து புரியும்.

உங்கள் வீட்டில் இப்போது அந்தப் படமே சான்றாகிவிட்டது. மருத்துவமனைக் காட்சியில் நீங்கள் பயந்தது உங்களை எண்ணித்தான். ‘அந்தப் பார்பராவைப் பார்த்ததும் எனக்கு என்னை நினைச்சுப் பயமாயிடுச்சு’ என்பதுதான் அன்று உங்கள் நெஞ்சில் இருந்த வாக்கியம். நாவுக்கு வருவதற்குள் அது திரும்பி, அவரைக் குத்தும் வாக்கியமாகிவிட்டது. பயம் குற்றச்சாட்டாக மாறுவதை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், இதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் அவர். தற்செயலாக எடுத்திருக்கலாம், வாயால் சொல்ல வராத எதையோ உங்களோடு சேர்ந்து பார்க்க நினைத்தும் எடுத்திருக்கலாம். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். வரைபடம் யாரும் போடவில்லையென்றாலும் மாடி அவருக்கு, கீழ்த்தளம் உங்களுக்கு என்று கோடு விழுந்துவிட்டது. ஊடலை உப்புக்கு ஒப்பிட்ட மொழி நம்முடையது. சற்றுக் கூடினாலும் கறி கெட்டுவிடும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பத்து நாள் கூடுதல்தான்.

சேர்ந்து படம் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ராக், தாமஸ் பிராட்பரி உள்ளிட்டோருடன் சேர்ந்து 174 தம்பதியரிடம் நடத்திய ஆய்வொன்று உண்டு. மணவாழ்க்கையைக் காட்டும் ஐந்து படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு சில கேள்விகளை வைத்துக்கொண்டு பேசும்படி ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள்; வேறு பிரிவினருக்கு முறையான வகுப்புகள் நடத்தினார்கள். எந்தப் பயிற்சியும் பெறாதவர்களில் 24 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குள் பிரிந்துவிட, பயிற்சி பெற்றவர்களில் அது 11 விழுக்காடாக இருந்தது. படம் பார்த்துப் பேசியவர்களும், முறையான வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு இதில் சளைக்கவில்லை. அவர்கள் எல்லாரும் மணவாழ்க்கையைத் தொடங்கும் நிலையில் இருந்தவர்கள், நீங்கள் 13 ஆண்டு கடந்தவர்கள் என்பதால் இதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அங்கே பேச்சு நடந்த விதம் உங்களுக்கும் உதவும்: திரையில் உள்ளவர்கள் சண்டையை எப்படிக் கையாண்டார்கள், நாம் எப்படிக் கையாள்கிறோம் என்று இருவரும் தத்தம் நடத்தையைத் தாமே எடைபோட்டார்கள். படத்தில் வரும் ஆளின் பெயரை மற்றவருக்குச் சூட்டக் கூடாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு நீங்களும் பாருங்கள். உண்மையில் இந்தப் படம் கேட்பதும் அதைத்தான். வந்தவரிடம் கேவின், ஒன்று மனைவிக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு விலகு, அல்லது வீட்டுக்குப் போய் ஒரு காலத்தில் நேசித்தவளிடம் அந்த நேசத்தின் மிச்சத்தைத் தேடு என்கிறான்; அவர் எழுந்து போனதும் தன் மனைவிக்குத் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறான்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். ‘குத்தலாகக் கேட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குரல் குத்தலாகவே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் ஆலிவர் என்று சொன்னபோது உங்கள் மனத்தில் இருந்தவன், விருந்தில் மனைவியின் பேச்சைப் பறித்த ஆலிவர். அவர் காதில் விழுந்தவன், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து மனைவி வருவாளா என்று வாசலைப் பார்த்த ஆலிவர். ஒரே பெயர் இருவருக்கும் இரண்டு ஆளாகிவிட்டது. தன்னை அந்தக் கட்டிலில் வைத்துப் பார்த்த ஒருவர் கேட்ட கேள்வி அது. உங்களுக்குக் கேட்டது குத்தல், எனக்குக் கேட்பது பயம். நீங்கள் பயந்த அதே காட்சியைப் பார்த்துத்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து, அவரும் பயந்திருக்கிறார்.

பதில் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மூன்று இரவு நாற்காலியில் விழித்திருந்தீர்கள். நன்றி வராத குறையாக அதை எழுதியிருக்கிறீர்கள். நான் முன்பே சொன்ன, என் நம்பிக்கைக்கான காரணம் அதுதான். அறுவைக்குப் பின் மயக்கத்திலும் வலி மருந்திலும் கிடந்தவருக்கு, நாற்காலியில் இருந்தவர் உறங்கினாரா விழித்திருந்தாரா என்பது தெரிந்திருக்குமா? இந்த இரண்டு ஆண்டுகளில் அதை நீங்கள் அவரிடம் சொல்லிக்காட்டாமல், வெறுமனே சொல்லியிருக்கிறீர்களா?

மகள் உறங்கிய பிறகு நீங்களே மாடிக்குப் போங்கள். காட்மனும் சிபில் காரரும் 124 புதுமணத் தம்பதியரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடம் போகும் போக்கே பிற்கால மணவிலக்கை முன்னறிவிப்பதைக் காட்டினார்கள். எனவே முதல் வாக்கியத்தை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க, நான் பதில் சொல்லல. வருவேன். முதல் ஆளா வருவேன். அந்தப் படத்துல எனக்குப் பயமா இருந்துச்சு, அதை உங்க மேல போட்டுட்டேன், தப்புதான்’ என்ற அளவுக்குப் போதும். ‘ஆனா’ என்ற சொல்லை அதன் பின்னால் சேர்க்காதீர்கள். குறுக்கே பேசும் பழக்கத்தை அன்றைக்கே எடுக்க வேண்டாம். அது வேறொரு நாளுக்கு உரியது. அன்று ‘எப்பவுமே இப்படித்தான்’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாள், யார் முன்னால், எந்தக் கதை என்று ஒன்றை மட்டும் சொல்லி, முடிக்கும்வரை காத்திருக்கும்படி கேளுங்கள். வெளியூர் நிம்மதியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நான் எழுதச் சொன்ன அந்த வாக்கியம் கையில் இருந்தால், ‘நீங்க இல்லாம நிம்மதியா இருக்கு’ என்று பார்பராவைப் போலத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிராது. எந்தச் சுமையைச் சேர்ந்து இறக்கலாம் என்று கேட்க முடியும்.

அவர் கோபப்பட்டாலோ, உங்கள் நெஞ்சு படபடக்கத் தொடங்கினாலோ, ‘கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாம்’ என்று சொல்லி இருபது நிமிடமாவது விலகியிருந்து, அன்றிரவே திரும்பிப் போங்கள். மூன்று வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் இருவரும் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். ‘இத்தனை நாள் கழிச்சு இப்ப எதுக்கு?’ என்று அவர் கேட்டால், அன்றிரவே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வரவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மூன்று இரவும் அவருடைய மூக்குக் கண்ணாடி உங்கள் கைப்பையில் இருந்ததையும் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.